பாலபாடம் தந்த பெருமான் – ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர்

ஈழவள நாட்டின் வடபால் சைவமும் தமிழும் தழைத்தோங்கும் யாழ்ப்பாணத்திலே, நல்லூர் என்னும் திருப்பதியில் 1822ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராக அவதரித்தவர் ஆறுமுகம் என்னும் இயற்பெயர் கொண்ட ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். சைவத்தின் காவலர், தமிழ் வசனநடையின் தந்தை, பிரசங்க மரபைத் தொடக்கிவைத்தவர், ஏடுகளைப் பரிசோதித்து அச்சேற்றிய பதிப்பாசிரியர் என்றெல்லாம் நாம் அவரைப் போற்றுகின்றோம். ஆண்டுதோறும் கார்த்திகை மகத்தில் குருபூசையும் நடத்துகின்றோம். ஆயினும் அவர் செய்த பணிகளுள் மிகச் சிறியது போலத் தோன்றி மிகப் பெரும் பயன் விளைத்த ஒன்றினை நாம் அதிகம் பேசுவதில்லை. அது, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென்று அவர் எழுதி அச்சிட்ட புத்தகங்களாகும். அந்தப் பணியின் வழியே பெருமானின் வாழ்வை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

நாவலர் பெருமான் பிறந்த காலத்தில் நமது ஊர்களில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்களே. மணலிலே விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகி, பின்னர் ஓலைச் சுவடியை ஏந்தி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதி நூல்களையும் நிகண்டுகளையும் மனனஞ் செய்வதே அக்காலக் கல்வி முறை. ஆறுமுகமும் நல்லூர்ச் சுப்பிரமணிய உபாத்தியாயரிடம் இவ்வாறே கல்வியைத் தொடங்கினார். ஒன்பதாவது வயதில் தந்தையாரை இழந்தார். தந்தையார் முடிக்காது விட்டுச்சென்ற நாடகம் ஒன்றினை அச்சிறு வயதிலேயே அவர் பாடி முடித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னர் இருபாலை சேனாதிராச முதலியாரிடமும் நல்லூர் சரவணமுத்துப் புலவரிடமும் உயர்ந்த இலக்கண இலக்கியங்களைக் கற்றார்.

மனனக் கல்வி நினைவாற்றலை வளர்த்தது உண்மையே. ஆனால் அதிலே ஒரு குறையும் இருந்தது. செய்யுள் நாவிலே நிற்கும். பொருள் நெஞ்சிலே சேர்வதற்குப் பல ஆண்டுகள் செல்லும். கூரிய அறிவுள்ள பிள்ளை கரையேறும். மற்றப் பிள்ளைகள் இடையிலேயே நின்றுவிடுவார்கள். அத்தோடு ஓலைச்சுவடி எல்லார் கைக்கும் எட்டுவதும் இல்லை.

ஆங்கிலம் கற்பதற்காக ஆறுமுகம் யாழ்ப்பாணத்திலிருந்த வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்தார். அங்கு கற்று, பத்தொன்பதாவது வயதளவில் அங்கேயே ஆசிரியருமானார். அப்பாடசாலையை நடத்திய பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்து, விவிலியத்தைத் தமிழிலே பெயர்க்கும் பணியிலும் பல ஆண்டுகள் துணை நின்றார். இக்காலத்திலே அவர் இரண்டு உண்மைகளைக் கண்கூடாகக் கண்டார். ஒன்று, நமது பிள்ளைகள் எழுத்தறிவுக்காக மிஷன் பாடசாலைகளை நாடிச் சென்று, தமது சமயத்தை அறியாதவர்களாகவே வளர்ந்து வந்தமை. மற்றையது, அப்பாடசாலைகளின் வலிமை எங்கேயிருந்தது என்பது. ஒழுங்கான வகுப்பு, நேரசூசி, அச்சிட்ட பாடப்புத்தகம் ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. நமது திண்ணைகளில் அவை இல்லை.

பிறர் செயலைப் பழிப்பதோடு நின்றுவிடுவது எளிது. நாவலர் அவ்வாறு நிற்கவில்லை. அவர்கள் கைக்கொண்ட கருவியையே தாமும் கைக்கொண்டு, அதனால் தமது பிள்ளைகளைக் காக்க முனைந்தார். அவருடைய பெருமைக்கு இதுவே அடிப்படை எனலாம்.

வித்தியாசாலை உதயம்

1847ஆம் ஆண்டு மார்கழி மாதம் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் அவர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். தொடர்ந்து வெள்ளிக்கிழமை தோறும் அங்கே பிரசங்கங்கள் நிகழ்ந்தன. பெரியவர்கள் செவிமடுத்தனர், சிலர் திருந்தினர். ஆயினும் பிரசங்கம் ஒன்றினால் மாத்திரம் ஒரு சமுதாயம் நிலைபெறாது; பிள்ளைப் பருவத்திலேயே விதை ஊன்றவேண்டும் என்று அவர் உணர்ந்தார். அதற்கு முன்னரே தமது இல்லத்தில் இரவு வேளைகளில் மாணாக்கர் சிலருக்கு வேதனமின்றிக் கற்பித்து வந்தவர், 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே ஆண்டில் பேர்சிவல் பாதிரியாரிடம் வகித்த பதவியையும் துறந்தார். நல்ல வருவாயும் மதிப்பும் உள்ள பதவியை இருபத்தாறு வயதும் நிரம்பாத இளைஞர் ஒருவர் உதறிவிட்டு, சம்பளமே இல்லாத ஓர் ஆசிரியப் பணியை ஏற்றுக்கொண்டார் என்பதை நாம் சிந்தித்துப் பார்க்கவேண்டும்.

வித்தியாசாலையைப் பேணுவதற்குப் பொருள் இல்லை. உடன் நின்ற ஆசிரியர்களும் ஆரம்பத்திலே ஊதியமின்றியே கற்பித்தனர். வீடுகள் தோறும் பிடியரிசி சேர்க்கப்பட்டது. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை வித்தியாசாலைக்கென ஒதுக்கிவைத்த பெண்மணிகளின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆயினும் சைவக் கல்வியின் அத்திவாரத்தில் அவர்களது பங்கும் உண்டு.

அச்சியந்திரமும் பாலபாடமும்

பாடசாலை உண்டு, ஆசிரியர் உண்டு, மாணாக்கரும் உண்டு. அவர்கள் கையில் கொடுப்பதற்குப் புத்தகம் இல்லை. ஆகவே 1849ஆம் ஆண்டு அச்சியந்திரம் வாங்கும் பொருட்டு, மாணாக்கர் சதாசிவப்பிள்ளையையும் உடன் அழைத்துக்கொண்டு பெருமான் தமிழகத்துக்குக் கடல் கடந்து சென்றார். அப்பயணத்தின்போதுதான் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவரது சொல்வன்மையைக் கண்டு வியந்து நாவலர் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. அச்சியந்திரத்துடன் மீண்டவர் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார்.

திருக்குறள் பரிமேலழகருரை, தொல்காப்பியச் சேனாவரையம் போன்ற பெருநூல்களைப் பரிசோதிக்கும் ஆற்றல் படைத்த ஒரு பேரறிஞர், தமது அச்சியந்திரத்தில் 1850களின் தொடக்கத்திலேயே எவற்றை அச்சிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. அப்போது வெளிவந்தவற்றுள் முக்கியமானவை பாலபாடங்கள். பண்டிதர்களின் பாராட்டைப் பெறக்கூடிய நூல்கள் பல காத்திருக்க, அரிச்சுவடி படிக்கும் குழந்தைக்கு அவர் முதலிடம் கொடுத்தார்.

பாலபாடங்கள் படிமுறையாக அமைந்தவை. எழுத்தறியும் பிள்ளைக்கு முதற் புத்தகம். எழுத்துக் கூட்டி வாசிக்க வல்ல பிள்ளைக்கு அடுத்தது. நான்காம் பாலபாடத்தை அடையும்போது மாணாக்கன் கல்வி, களவு, கோபம், செய்ந்நன்றியறிதல் போன்ற பொருள்கள் பற்றிய கட்டுரைகளைத் தானே வாசித்து விளங்கும் நிலைக்கு உயர்ந்துவிடுவான். ஒரு பிள்ளை ஏறக்கூடிய உயரத்தில் ஒவ்வொரு படியையும் அமைத்தமையே இப்புத்தகங்களின் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு அவற்றின் வசனநடை. அதுவரை திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பாடப்பொருள் பெரும்பாலும் செய்யுளாகவே இருந்தது. நாவலரோ குழந்தைக்கு விளங்கும் வண்ணம் வசனத்திலே எழுதினார். கடினமான சந்திகளைப் பிரித்தார். நிறுத்தக் குறியீடுகளை இட்டார். எங்கே நிறுத்தி வாசிக்கவேண்டும் என்பதை எழுத்தே காட்டிக்கொடுத்தது. இன்று கொப்பியில் ஒரு வாக்கியத்தை எழுதி முடித்து முற்றுப்புள்ளி வைக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

மூன்றாவது சிறப்பு, பாடங்கள் தனித்தனித் தீவுகளாக நில்லாமல் ஒன்றோடொன்று இணைந்து நின்றமை. வாசிப்புப் பழகும் பாடத்திலேயே ஒழுக்கமும் சமயமும் கலந்திருந்தன. சைவ வினாவிடை என்னும் நூலில் சமய உண்மைகளைக் கேள்வியும் விடையுமாக அமைத்தார். இலக்கணத்தைக் கண்டு அஞ்சும் மாணாக்கருக்காக இலக்கணச் சுருக்கமும் இலக்கண வினாவிடையும் எழுதினார். தாம் வாழும் நாட்டைப் பிள்ளைகள் அறியவேண்டும் என்று இலங்கைப் பூமி சாத்திரம் என்னும் நூலையும் இயற்றினார். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நன்னெறி முதலியவற்றுக்கு எளிய உரை வரைந்து, பழைய மனனக் கல்வியையும் கைவிடாமல் அதற்குப் பொருள் விளக்கம் சேர்த்தார். பெரியபுராணத்தை 1852ஆம் ஆண்டு வசனமாக வெளியிட்டபோது, அறுபத்துமூன்று நாயன்மார் வரலாறும் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் எட்டும் கதைகளாயின. பாலபாடத்தால் வாசிக்கப் பழகிய பிள்ளை அடுத்து வாசிப்பதற்கு ஒரு பெருநூல் இவ்வாறு ஆயத்தமாக இருந்தது.

சோதனைகளும் எல்லைகளும்

இப்பணி இடர்ப்பாடின்றி நடைபெறவில்லை. 1864ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவினார். சென்னப்பட்டினத்திலும் அச்சியந்திரசாலை நடத்தினார். 1872ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில், ஆங்கிலமும் சைவச் சூழலில் கற்பிக்கப்படவேண்டும் என்று சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். அது பொருள் முட்டுப்பாட்டினால் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. 1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். இல்லறம் புகாது, தமக்கெனப் பொருள் சேர்க்காது, ஊருக்காகவே கையேந்தி நின்ற வாழ்வு அவருடையது.

பெரியோரை நினைவுகூரும்போது உண்மையை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நாவலர் தமது காலத்துச் சாதி ஆசாரங்களைப் பேணியவர். அவர் ஏற்றிய கல்வி விளக்கின் ஒளி அன்று எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளையும் சென்றடையவில்லை. அந்தக் கதவைத் திறப்பதற்குப் பின்வந்தோர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ஆனால் அச்சுப் புத்தகத்துக்கு ஒரு தன்மை உண்டு. எழுதியவர் வகுத்த எல்லையோடு அது நின்றுவிடாது. எந்தக் கை ஏந்தினாலும் அந்தக் கைக்கு அது பயன் தரும். அவர் எழுதிய பாலபாடமும் சைவ வினாவிடையும் இன்று எந்தப் பிள்ளையும் ஏந்தக்கூடிய புத்தகங்கள். அவற்றை எல்லாப் பிள்ளைகளிடமும் கொண்டுசேர்ப்பதே அவர் தொடங்கிய பணியை நிறைவு செய்வதாகும்.

1879ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியில், சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தன்று, வண்ணார்பண்ணை வித்தியாசாலையிலே பெருமான் தமது கடைசிப் பிரசங்கத்தைச் செய்தார். அவ்வாண்டு மார்கழி மாதம் 5ஆந் திகதி, தமிழ்க் கணக்கிலே கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்தில், தமது 57ஆவது வயதில் சிவபதமடைந்தார். அவர் காட்டிய வழியிலே 1888ஆம் ஆண்டு சைவபரிபாலன சபை தோன்றியது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் வளர்ந்தது. அவர் தொடங்கிய பாடசாலைகள் சில மறைந்தன. புத்தகங்களோ மறையவில்லை, தலைமுறை தலைமுறையாக மீண்டும் மீண்டும் அச்சேறி வந்திருக்கின்றன.

நம் கடமை

இன்று நமது பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகங்களை அரசாங்கம் இலவசமாக வழங்குகின்றது. ஆயினும் பரீட்சைக்கு வேண்டிய பகுதியை மட்டும் பாடமாக்கி, விடைத்தாளில் எழுதிவிட்டு மறந்துபோகும் வழக்கம் பெருகியுள்ளது. அன்று பொருளறியாத மனனம்; இன்று புள்ளிக்கான மனனம். வடிவம் மாறினும் குறை ஒன்றே. அதற்கு நாவலர் கண்ட மருந்தும் ஒன்றே. பிள்ளையின் வயதுக்கு ஏற்ற, விளங்கும் நடையில் அமைந்த, விரும்பி வாசிக்கத்தக்க புத்தகம் ஒன்றினை அதன் கையில் கொடுக்கவேண்டும். அது வாசிக்கும்போது பெரியவர் ஒருவர் அருகே அமர்ந்திருக்கவேண்டும். அவ்வாறு வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு மொழியும் சமயமும் நாட்டறிவும் ஒன்றாகவே வந்து சேரும்.

ஆலயம் என்பது பூசையும் திருவிழாவும் நிகழும் இடம் மாத்திரமன்று. ஊரவர் ஒன்றுகூடும் இடமும் அதுவே. அறநெறிப் பாடசாலையின் ஒரு மூலையில் ஓர் அலுமாரி, அதில் பாலர்க்கேற்ற சில புத்தகங்கள், வெள்ளிக்கிழமை தோறும் பூசை முடிந்தபின் அரைமணி நேர வாசிப்பு. இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பிடியரிசியால் ஒரு வித்தியாசாலையை நடத்திக் காட்டிய பெருமானின் வழிவந்த நமக்கு இது அரிய காரியமும் அன்று. குருபூசை நாளில் அவருடைய திருவுருவப் படத்துக்கு மாலை சூட்டும் நாம், அன்று ஒரு பிள்ளையின் கையிலே ஒரு புத்தகத்தையும் கொடுப்போமாயின் அதுவே அவருக்குச் செய்யும் மெய்யான பூசையாகும்.

எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருளினால் இவ்வூர்ச் சிறார்கள் கல்வியிலும் ஒழுக்கத்திலும் சிறந்து விளங்கப் பிரார்த்திப்போமாக.