கிறித்தவக் கம்பர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை

கம்பரின் பெயரை அறியாத தமிழ் மாணவர் எமது பாடசாலையில் இலர். ஆயினும், கிறித்தவக் கம்பர் என்று அறிஞர் பெருமக்கள் போற்றிய ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார் என்பதை எம்முள் பலர் அறியோம். அன்னாரின் வரலாற்றை எம் மாணவச் செல்வங்களுக்கும், அவர்தம் பெற்றோர்க்கும் இவ்விழா மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம். எமது பாடசாலையில் சைவர், கத்தோலிக்கர், ஏனைய கிறித்தவர் என எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து தமிழ் பயில்கின்றனர். ஆகவே இதனை ஒரு சமயத்தாரின் கதையாக அன்றி, தாம் பற்றியதை விடாது பற்றிய ஒரு தமிழாசிரியரின் கதையாகவே கூறுகின்றோம்.

திருநெல்வேலிச் சீமையிலே கரையிருப்பு என்னும் சிற்றூரில், 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், சங்கரநாராயண பிள்ளைக்கும் தெய்வநாயகி அம்மையாருக்கும் மகனாகக் கிருஷ்ணபிள்ளை பிறந்தார். குடும்பம் வைணவக் குடும்பம். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். மழலைப் பருவத்திலேயே கம்பரின் விருத்தங்கள் செவிவழியாக அவர் நெஞ்சிற் குடிபுகுந்தன. இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்றுப் புலவராயினார்.

1853ஆம் ஆண்டில் சாயர்புரத்துக் கல்விச்சாலையில் தமிழாசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அது கிறித்தவ மிஷனரிமார் நடத்திய நிலையம். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் ஆக்கிய போப்பையர் முன்னர்ப் பணியாற்றிய இடம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஐயரே கிருஷ்ணபிள்ளையைத் தெரிவு செய்தார். நெற்றியில் திருமண் துலங்கிய வைணவர் ஒருவர் கிறித்தவப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தார். அதிற் குறை கண்டார் எவருமிலர். தாம் பிறந்த சமயத்தில் அவர் உறுதியாகவே நின்றார்.

பின்னர் நேர்ந்த மாற்றம் ஓர் இரவில் நேர்ந்ததன்று. தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்னரே கிறித்தவராயினார். நண்பர்களோடு உரையாடியும், வேதாகமத்தைப் பயின்றும், தம்முள் நெடிது போராடியும், ஈற்றில் 1858ஆம் ஆண்டு சென்னையில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அப்போது வயது முப்பது. என்றி ஆல்பிரட் என்னும் பெயரைச் சூடினார், எச். ஏ. என்னும் முன்னெழுத்துகள் அதனால் வந்தவை.

அக்காலத்தில் சமயம் மாறுதல் என்பது ஒரு மனிதர் ஞாயிறு தோறும் செல்லும் இடம் மாறுவது மட்டுமன்று. உற்றாரின் பந்தியும், ஊராரின் நன்மதிப்பும், பிள்ளைகளுக்குப் பெண் கொடுத்தெடுக்கும் உரிமையும் ஒருங்கே அற்றுப்போகும். பிறந்த மண்ணை விட்டு வந்த எமது பெற்றோர் இதன் ஒரு கூற்றையேனும் உணர்வர் என எண்ணுகின்றோம். கிருஷ்ணபிள்ளை கைப்பற்றியிருந்தது கண்ணாற் காணவியலாத ஒரு வாக்குறுதியை மட்டுமே.

சென்னையில் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையில் அவர் பணியாற்றினார். அதனை நடத்திய பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியவரல்லர். ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கியவர் அவரே. பின்னர் பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் கிருஷ்ணபிள்ளை தமிழ் கற்பித்தார்.

அவர் பெயரை நிலைநிறுத்திய நூல் இரட்சணிய யாத்திரிகம். இதன் மூலம் ஆங்கிலேயரான யோன் பனியன் எழுதிய உரைநடைக் கதை. பனியன் ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் ஏழைத் தொழிலாளி. அரசின் அனுமதியின்றிச் சமயப் பிரசங்கம் செய்தமைக்காக 1660ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்ட் நகரச் சிறையில் இருந்தவர். 1678ஆம் ஆண்டு அவரது நூல் வெளிவந்தது. எம்மூர்ப் பெயர் கொண்ட வோபர்ன் என்னும் ஊர் இங்கிலாந்திலும் உண்டு. அதுவும் பெட்போர்ட் நகரைத் தலைநகராகக் கொண்ட கோட்டத்திலேயே உள்ளது என்பதை இங்கு குறிப்பிடாதிருக்க மனம் வரவில்லை.

முதுகிற் பாவச் சுமையோடு அழிவின் நகரை விட்டு வான்நகர் நோக்கி நடக்கும் ஒரு வழிப்போக்கனின் கதை அது. வழியில் அவனும் தோழனும் ஐயக் கோட்டையில் அகப்படுகின்றனர். நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கன் அவர்களை இருட்டறையில் அடைத்து, அடித்து, உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு தூண்டுகின்றான். பல நாட்கள் கழிந்தபின் வழிப்போக்கனுக்குத் திடீரென நினைவு வருகின்றது: வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருக்கின்றது! கோட்டையின் பூட்டுகள் அதனால் திறக்கின்றன. கடைசி இரும்புக் கதவு மட்டும் பெரிதும் முரண்டுபிடித்த பின்னரே திறக்கின்றது. அந்தக் கடைசிக் கதவைப் பற்றிய சிறு குறிப்பிலேயே பன்னிரண்டாண்டுச் சிறையிருந்தவரின் அனுபவம் தெரிகின்றது என்பது எமது கருத்து.

கிருஷ்ணபிள்ளை இதனை வெறுமனே மொழிபெயர்த்தாரல்லர். பேச்சுநடையில் அமைந்த கதையை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களாக வகுத்து, 3,766 பாடல்களில் பெருங்காப்பியமாக்கினார். ஆரணியம் என்னும் பெயரைக் கேட்டதும் இராமாயணம் நினைவுக்கு வருகின்றதன்றோ? விருத்தத்தின் ஓசையிலும் கம்பரே ஒலிக்கின்றார். வைணவத்தை விட்டவர் கம்பரை விடவில்லை. இடையிடையே வரும் இறைவேண்டற் பாடல்களுக்குத் தேவாரம் என்று பெயரிட்டமை எம் சைவப் பெற்றோர்க்கு வியப்பளிக்கும்.

இக்காப்பியம் நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்தது. மாதந்தோறும் சிறிது சிறிதாக, பகலிற் கற்பித்தலும் எஞ்சிய பொழுதில் பாடலுமாக, நடுவயது கழிந்து முதுமை வரும்வரை அவர் எழுதினார். 1894ஆம் ஆண்டு நூலாக அச்சேறியபோது அவருக்கு வயது அறுபத்தேழு.

வடசொற்கள் மிகுந்த அந்நடை எம் மாணவர்க்கு எளிதன்று என்பதையும் ஒளிக்காது கூறுகின்றோம். பெரியோரின் துணையோடு தேவாரப் பாடல்களிலிருந்து தொடங்குவது நன்று.

1898இல் இரட்சணிய சமய நிர்ணயமும், 1899இல் இரட்சணிய மனோகரமும் வெளிவந்தன. 1900ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் கிருஷ்ணபிள்ளை இவ்வுலக வாழ்வை நீத்தார். 2019இல் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் அவரது காப்பியத்தின் ஒரு பகுதி இடம்பெற்றது. இயேசு பெருமானைப் பகைவர் பிணித்து இகழ்ந்து வருத்தியபோதும் அவர் அவர்களைச் சினவாது, அவர்களுக்காக இரங்கியதைக் கூறும் பகுதி அது.