ஈப்போவின் 'போ'வுக்கும் ஓர் இத்தாலியருக்கும் என்ன தொடர்பு? வீரமாமுனிவரின் கதை

தஞ்சோங் ரம்புத்தான், ஈப்போ, பேராக். நீங்க அடிக்கடி எழுதும் இந்தப் பெயர்களில் சோ, போ, பே என்ற நெடில்கள் இருக்கே, கவனிச்சீங்களா? இவற்றின் இன்றைய வடிவத்தைத் தந்தவர் என்று சொல்லப்படுபவர் வீரமாமுனிவர்.

யார் இவர்?

1680-ல் இத்தாலியில் பிறந்தவர். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபைப் பாதிரியாராக 1710-ல் கோவா வந்து, பிறகு தமிழகம் சேர்ந்தார். முப்பது வயதுக்கு மேல் தமிழில் மூழ்கியவர், 1726-ல் 3,600-க்கும் அதிகமான பாடல்கள் கொண்ட 'தேம்பாவணி' காப்பியத்தை முடித்தார். பேச்சுத் தமிழையும் அவர் விடவில்லை. அதற்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். செய்யுளாக மனப்பாடம் செய்யும் நிகண்டுகளுக்குப் பதிலாக, அகர வரிசையில் சொல் தேடும் 'சதுரகராதி'யை 1732-ல் உருவாக்கினார். 1747-ல் மறைந்தார்.

எழுத்தில் என்ன மாற்றினார்?

அன்றைய முறைப்படி எ, ஒ மேல் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஆனால் பனையோலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் பலர் புள்ளியே வைப்பதில்லை. எழுதியிருப்பது 'எரி'யா, 'ஏரி'யா? 'கொல்' என்கிறாரா, 'கோல்' என்கிறாரா? இடம் பார்த்து ஊகிக்கணும். வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார்: ஏ-வுக்குக் கீழ்க்கோடு, ஓ-வுக்குச் சுழி, உயிர்மெய்யில் இரட்டைச் சுழிக் கொம்பு.

வியட்நாமில் வேறு பாதை

இதே சிக்கல், இன்னும் பெரிதாக, வியட்நாமிய மொழியிலும் இருந்தது. அதில் ஆறு தொனிகள். 'மா' என்ற ஒரே அசை, தொனி மாறினால் பேய், தாய், குதிரை, நாற்று என்று பொருள் மாறும். முன்பு சீன எழுத்துகளையும் அவற்றை ஒட்டி உருவான எழுத்துகளையும் பயன்படுத்தினர். போர்ச்சுகீசியப் பாதிரியார்கள் தொடங்கிய ரோமன் எழுத்து முறையை, அலெக்சாந்தர் டி ரோட்ஸ் 1651-ல் ரோமில் அச்சிட்ட அகராதி நிலைநிறுத்தியது. எழுத்தின் மேலும் கீழும் குறிகள் போட்டுத் தொனியைக் காட்டினர். இன்று அதுவே அந்நாட்டின் எழுத்து.

அங்கே எழுத்தே மாறியது. இங்கே இருந்த எழுத்து திருத்தப்பட்டது. இரண்டிலும் நோக்கம் ஒன்றுதான்: காது கேட்கும் வித்தியாசம் கண்ணுக்கும் தெரியணும்.

இது உங்களுக்கு எதற்கு?

வாட்ஸ்அப்பில் தமிழை ரூமி எழுத்தில் தட்டுறீங்களா? குறி எதுவும் போடாமல் அனுப்பினால் எரியும் ஏரியும் மறுபடி ஒன்றாகிவிடும். வீரமாமுனிவர் தீர்த்த அதே குழப்பம், உங்க கைப்பேசியில் திரும்பி வந்திருக்கு.