முற்றம் வைத்த மாடர்ன் வீடு: யார் இந்த மின்னெட் டி சில்வா?

கொங்கு நாட்டில் தொட்டிக்கட்டு வீடு தெரியாதவங்க இருக்க முடியாது. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். கான்கிரீட் வீடுகள் வந்ததும் முற்றம் மெல்லக் காணாமல் போனது. இப்போ கோவையில் புது வீடு கட்டுகிறவர்களில் சிலர் அதையே மறுபடி கேட்கிறார்கள். கான்கிரீட்டும் முற்றமும் ஒரே வீட்டில் சேரும் என்று 1950களிலேயே கட்டிக் காட்டியவர், இலங்கையின் மின்னெட் டி சில்வா.

மன்னிப்புக் கேட்காத மாணவி

1918ல் கண்டியில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் டி சில்வா அரசியல்வாதி. அம்மா ஆக்னஸ், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். கட்டடக்கலை படிக்க மும்பை வந்த மின்னெட், 1942ல் காந்தி கைதானதை எதிர்த்த போராட்டத்தில் கலந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்ததால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்.

ஆனாலும் படிப்பை விடவில்லை. லண்டன் போய் முடித்தார். 1948ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் ராயல் நிறுவனத்தில் அசோசியேட் ஆனார். அந்த இடத்துக்கு வந்த முதல் ஆசியப் பெண் இவர்தான்!

அவரது ஸ்டைல் என்ன?

சொந்த ஊர் திரும்பி, தன் பெயரிலேயே அலுவலகம் திறந்தார். ஒரு பெண் போட்ட பிளானை நம்பப் பலரும் தயங்கிய காலம் அது. முதல் வேலை, கண்டியில் கருணாரத்ன வீடு. மலைச்சரிவைத் தரைமட்டமாக்காமல், சரிவுக்கு ஏற்றபடி பல மட்டங்களில் வீட்டை அமைத்தார்.

கான்கிரீட், கண்ணாடி எல்லாம் உண்டு. கூடவே உள்ளூர்க் கைவினையும் உண்டு. நமக்கு பவானி ஜமக்காளம் மாதிரி, கண்டிப் பக்கம் தும்பர நெசவு பிரபலம். அந்தப் பாய்களைக் கதவுகளில் பதித்தார். கொழும்பில் கட்டிய பியரிஸ் வீட்டைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தி, நடுவில் முற்றமும் வைத்தார். காற்றும் வெளிச்சமும் தாராளமாக உள்ளே வந்தன.

குடியிருப்பவர்களையே கேட்டார்

1950களில் கண்டி வட்டபுலுவவில் அரசு ஊழியர்களுக்காக 200க்கும் அதிகமான வீடுகள் கொண்ட குடியிருப்பு. சிங்களர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பல தரப்பினரும் அங்கே குடியேற இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அச்சில் வீடு போடாமல், கேள்வித்தாள் கொடுத்து அவரவர் பழக்கத்தையும் தேவையையும் கேட்ட பிறகே டிசைன் செய்தார்.

பெயர் யாருக்குப் போனது?

வெப்பமண்டல நவீன பாணி என்றதும் உலகம் முதலில் சொல்லும் பெயர் ஜெஃப்ரி பாவா. அவர் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றது 1957ல்தான். அதற்குள் மின்னெட்டின் முதல் வீடு எழும்பிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பிறகு அவருக்கு வேலைகள் குறைந்தன. 1970களில் ஹாங்காங்கில் பாடம் நடத்தினார். இலங்கைக் கட்டடக் கலைஞர்கள் நிறுவனம் தங்கப் பதக்கம் கொடுத்தபோது வருடம் 1996. இரண்டே வருடத்தில், 80 வயதில் கண்டியில் காலமானார்.

அவர் கட்டியவற்றில் பல இன்று இல்லை. ஆனால், யார் குடியிருக்கப் போகிறார்களோ அவர்களிடம் முதலில் கேளுங்கள் என்ற அவரது வழி, இன்று வீட்டு பிளான் போடும் யாருக்கும் பொருந்தும்.