அளவறிந்த அறிஞர் ஹால்டேன்

விருத்தாசலத்தில் வாழ்வோர்க்குக் களிமண்ணும் ஓர் ஆசான். அச்சில் வார்த்த ஒரு சாண் பீங்கான் பொம்மை சூளையில் நிமிர்ந்து நின்று வெந்து வரும். அதே பொம்மையின் உறுப்புகள் அனைத்தையும் அதே விகிதத்தில் பெருக்கி ஆள் உயரத்திற்கு வார்த்துச் சூளையில் ஏற்றினால், மண் இளகும் வெப்பத்தில் கால்கள் தன் பாரத்தைத் தாங்க மாட்டாமல் தளரும். ஆகவே கைத்திறம் மிக்கவர் கால்களைத் தடிப்பாக்குவர், முட்டுக் கொடுப்பர். ஒன்றை மாற்றினால் அதனோடு இயைந்த மற்றவற்றையும் மாற்றியாக வேண்டும் என்பதே சூளை கற்பிக்கும் பாடமாகும்.

இப்பாடத்தைக் கதைகளில் வரும் மனித உடலுக்குப் பொருத்திக் காட்டியவர் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன். ஆங்கில நாட்டிற் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்த அப்பேரறிஞரின் வாழ்வு, இலக்கியம் பயிலும் நம் மாணவர்க்கும் அறிவியல் பயிலும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்தரத்தக்கது.

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சியக்கத்தையும் சுரங்க வாயுக்களையும் ஆராய்ந்த உடலியல் வல்லுநர். அவர் தம் மகனையும் சுரங்கங்களுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். ஒருமுறை சுரங்கத்தின் கூரையோரம் வாயு தேங்கிய இடத்தில் சிறுவனை நிற்கச் செய்து, சேக்சுபியர் நாடகத்திலிருந்து ஒரு பகுதியை ஒப்புவிக்கச் சொன்னார். சில வரிகளுக்குள் மூச்சுத் திணறிச் சிறுவன் கீழே விழுந்தான். தரையோரம் நல்ல காற்று இருந்தமையால் தெளிந்தெழுந்தான். அவ்வாயு காற்றினும் இலேசானது என்பதை அவன் ஏட்டால் அன்றி உடலால் கற்றான்.

ஆக்ஸ்போர்டு நியூ கல்லூரியில் கணிதமும், கிரேக்க இலத்தீன் இலக்கியங்களும், தத்துவமும் பயின்று முதல் வகுப்பில் தேறினார். அறிவியலில் அவர் பட்டம் எதுவும் பெற்றதில்லை என்பது வியப்புக்குரியது. முதல் உலகப் போரில் பிரான்சிலும் ஈராக்கிலும் போரிட்டுக் காயமுற்று, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்நாட்டின்பால் அவருக்கு ஏற்பட்ட ஈடுபாட்டின் வித்து அப்போது விழுந்தது எனலாம்.

1923ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் துறையில் பணியேற்ற அவர், அவ்வாண்டிலேயே எதிர்கால அறிவியல் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். தாயின் கருவறைக்கு வெளியே குழந்தையை வளர்க்கும் காலம் வரும் என்று அவ்வுரையில் கற்பனை செய்தார். 'டீடலஸ்' என்னும் பெயரில் நூலாக வெளிவந்த அக்கற்பனையின் சாயலை, ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்டு' புதினத்தில் காணலாம்.

ஆயினும் கற்பனைக்கு உரைகல்லாக அவர் தந்தது 1926இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையே. உயிர்களின் சரியான அளவு பற்றியது அது. ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' நம் தமிழில் கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்துக்கு மூலமாக அமைந்த கதை. அதன் படங்களில் இளமையில் தாம் கண்ட அறுபதடி அரக்கர்களை ஹால்டேன் தராசில் ஏற்றினார். மனிதனைப் போல் பத்து மடங்கு உயரமானவன் அகலத்திலும் கனத்திலும் பத்து மடங்காவான். ஆகவே அவன் எடை 1000 மடங்கு. எலும்பின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான். எனவே ஒவ்வொரு சதுர அங்குல எலும்பும் பத்து மடங்கு பாரம் சுமக்க வேண்டும். மனிதத் தொடையெலும்பு ஏறத்தாழ அப்பாரத்தில் முறிந்துவிடும். ஆகவே அவ்வரக்கன் அடியெடுத்து வைக்குந்தோறும் தொடை முறிவான்! மனித உருவுக்குச் சிறகு பொருத்திய ஓவியங்களையும் அவர் விடவில்லை. அச்சிறகை அசைக்கும் தசைகளுக்கு இடமளிக்க நெஞ்சு நான்கடி முன்தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கிட்டார்.

இது கற்பனைக்கு இட்ட விலங்கு என்று எண்ணுதல் தவறு. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' புதினத்தைப் 'பிரேத மனிதன்' எனத் தமிழாக்கியவர் புதுமைப்பித்தன். அவருடைய இயற்பெயர் நம் ஊரின் பெயரேயாகும். அக்கதையில் படைக்கப்படும் உருவத்தின் உயரம் எட்டடி. ஹால்டேனின் கணக்கை இதற்கும் பொருத்திப் பார்ப்போம். ஆறடி மனிதனோடு ஒப்பிட எடை சுமார் 2.4 மடங்கு, எலும்பின் குறுக்குப் பரப்பு சுமார் 1.8 மடங்கு. ஆகவே எலும்பின் மேல் விழும் பாரம் மூன்றிலொரு பங்கே மிகுகிறது. அறுபதடியான் விழுவான், எட்டடியான் நிற்பான். நுண்ணிய உறுப்புகளைப் பொருத்துவது கடினம் என்பதாலேயே உருவைப் பெரிதாக்கியதாகக் காரணமும் காட்டுகிறார் ஆசிரியர். காரணம் உள்ள கற்பனையே படிப்போர் நெஞ்சில் நிலைக்கிறது.

பிறரைத் தராசில் ஏற்றியவர் தம் உடலையும் அதில் ஏற்றத் தயங்கவில்லை. 1939இல் 'தீட்டிஸ்' நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டபின், அத்தகையோரைக் காக்கும் வழிதேடி, அழுத்தக் கூண்டுகளுக்குள் தாமே அமர்ந்து சோதனை செய்தார். மிகை உயிர்வளியால் வலிப்புற்று முதுகெலும்பில் காயமும் அடைந்தார். இயற்கைத் தேர்வைக் கணிதத்தால் விளக்கிய மூவருள் ஒருவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு.

எனினும், ஓரிடத்தில் அவர் தராசு சாய்ந்தது. பொதுவுடைமைக் கட்சியில் ஈடுபட்டிருந்த அவர், சோவியத் நாட்டில் லைசென்கோ மரபியலை ஒடுக்கியபோது வெளிப்படையாகக் கண்டிக்கத் தவறினார். அவருடைய நண்பரான மரபியலறிஞர் வவிலோவ் 1943இலேயே சிறையில் மாண்டிருந்தார். 1950 அளவில் ஹால்டேன் கட்சியிலிருந்து விலகினார். ஆனால் பேச வேண்டிய வேளை கடந்துவிட்டிருந்தது.

1957இல் பேராசிரியர் மகலனோபிசின் அழைப்பை ஏற்றுக் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்தார். இந்திய உடையும் மரக்கறி உணவும் மேற்கொண்டார். 1962இல் புவனேசுவரம் சென்று மரபியல் ஆய்வகத்தை நடத்தினார். அவ்வாண்டு இலண்டன் கருத்தரங்கு ஒன்றில், அடுத்த பத்தாயிரம் ஆண்டுகளில் மனித உடல் எவ்வாறெல்லாம் மாறக்கூடும் என்று ஆராய்ந்தார். ஈர்ப்பு குறைந்த விண்வெளியில் நடக்கும் கால்களால் பயனில்லை. கிப்பன் என்னும் நெடுங்கைக் குரங்கைப் போலப் பற்றும் பாதங்களே உதவும். ஈர்ப்பு மிகுந்த கோளில் குட்டைக் கால்களோ நான்கு கால்களோ வேண்டும் என்பது அவர் முடிவு. கால்களை மட்டும் குறைக்கும் மருந்து பற்றியும் பேசினார். தாலிடோமைடு மருந்தால் உறுப்புக் குறைந்த குழந்தைகள் பல நாடுகளில் பிறந்திருந்த நேரம் அது.

கணக்கில் பிழையில்லை. ஆனால், காலின்றிப் பிறக்கப்போகும் அக்குழந்தையின் இசைவை யார் கேட்பது? எலும்பின் பாரத்தை அளந்தவர் அக்கேள்வியின் பாரத்தை அளக்கவில்லை. உடலுக்கு ஓர் இயைபு உண்டெனில் நீதிக்கும் ஓர் இயைபு உண்டு. முதலாவது தவறினால் கதை விழும். இரண்டாவது தவறினால் மனிதன் விழுவான்.

ஹால்டேன் இறைநம்பிக்கையுடையவர் அல்லர். ஆயினும் எல்லாப் பொருளும் ஓர் அளவின்படியே படைக்கப்பட்டுள்ளன என்று திருமறை கற்பிப்பதை ஏற்றுள்ள நமக்கு, அவருடைய அளவுக் கணக்கு அயலானதன்று. ஒலிக்கும் களிமண்ணிலிருந்து மனிதன் படைக்கப்பட்டான் என்ற செய்தியின் பொருளை, சுட்ட பாண்டத்தைத் தட்டி ஓசை கேட்டு விரிசலறியும் இவ்வூர் மக்கள் நன்கு உணர்வர்.

புற்றுநோய் கண்டபோதும் அவர் நகைச்சுவை ததும்பும் கவிதை ஒன்றை எழுதி, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுமாறு மக்களுக்கு அறிவுறுத்தினார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி, அவருடைய உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர்க்குப் பாடமாக அளிக்கப்பட்டது.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் எழுதும் கதையில் மனிதனுக்குச் சிறகோ செவுளோ பொருத்துங்கள்; தடையில்லை. அவன் நெஞ்சையும் எலும்பையும் குருதியையும் கணக்கிடுங்கள். அதன்பின், அவ்வுடலில் வாழப்போகிறவனிடம் ஒரு சொல் கேளுங்கள். முதற்கணக்கு ஹால்டேனின் வெற்றியிலிருந்தும், இரண்டாவது அவர் குறையிலிருந்தும் நாம் கற்க வேண்டியவை.