தீயைத் தடுத்த பிராண்டிஸ்

யானைமேல் ஒரு வெள்ளைக்காரர். கையில் குச்சிகள், ஒரு கத்தி. தேக்கு மரத்தைக் கண்டால் குச்சியில் ஒரு வெட்டு! பர்மாக் காட்டில் இப்படி மரம் எண்ணியவர் டீட்ரிக் பிராண்டிஸ்.

ஜெர்மனியில் 1824-ல் பிறந்தார். 1864-ல் இந்தியாவின் முதல் வன இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார்.

புதுப் புல் முளைக்க, மலைவாழ் மக்கள் கோடையில் காட்டுக்குத் தீ வைப்பார்கள். கன்றுகள் கருகுமே என்று பிராண்டிஸ் தீயைத் தடுத்தார். அவர் யோசனை கேட்டு வந்த 1882-ம் ஆண்டு சென்னை வனச் சட்டமும் தீ வைப்பதைக் குற்றமாக்கியது.

நடந்ததோ வேறு! தீ படாத ஈரக் காடுகளில் மூங்கிலும் புதரும் மண்டின. அந்த நிழலில் தேக்குக் கன்று தலையெடுக்கவில்லை. வன அதிகாரிகளே முணுமுணுத்தனர். பிராண்டிஸ் 1907-ல் காலமானார். அந்தக் காலத்திலேயே பர்மாவில் கட்டுப்பாடு தளர்ந்தது.

சென்னைச் சட்டமோ தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.