கேத்தே கொல்விட்ஸ்: பிணவறையில் தொடங்கிய ஒரு சித்திரம்

1919 ஜனவரி 25ஆம் திகதி காலை. பெர்லின் நகரப் பிணவறையில் 51 வயதுப் பெண்ணொருவர் ஒரு சடலத்தின் அருகே நின்று வரைந்துகொண்டிருந்தார். சடலம், பத்து நாட்களுக்கு முன்னர் சுட்டுக் கொல்லப்பட்ட புரட்சித் தலைவர் கார்ல் லீப்னெக்ட்டினுடையது. றோசா லக்சம்பேர்க் கொல்லப்பட்டதும் அதே இரவில்தான். சுடப்பட்ட நெற்றியைச் சுற்றிச் சிவப்புப் பூக்கள் வைத்திருந்தார்கள். அன்றே அடக்கம் என்பதால் அதிக நேரம் இருக்கவில்லை. குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதற்காக வந்திருந்த கேத்தே கொல்விட்ஸ் லீப்னெக்ட்டின் கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். அவருடைய அரசியலை ஏற்றவரும் அல்லர். கொல்லப்பட்ட ஒருவருக்காக மக்கள் அழும்போது அதை வரையும் உரிமை ஓவியருக்கு உண்டு என்று மட்டும் நினைத்தார்.

அவசரத்தில் விழுந்த அந்தக் கோடுகளில் உயிர் இருந்தது. அதை ஒரு முடிந்த படைப்பாக்குவதற்கோ அடுத்த ஆண்டும் போதாது போலிருந்தது.

வரைந்து பழகியவர்களுக்கு இந்தத் துன்பம் தெரியும். முதல் வரைவில் கை தேடிக்கொண்டே போகிறது. கண் எதிரேயுள்ள மனிதரை விட்டு அகல்வதில்லை. பிறகு சுத்தமான தாளில் ‘ஒழுங்காக’ வரைய உட்காரும்போது நாம் பார்ப்பது அந்த மனிதரை அல்ல, எங்களுடைய பழைய கோட்டை. கோடு நேராகிறது, முகம் செத்துப்போகிறது. கொல்விட்ஸ் போன்ற அச்சு ஓவியருக்கு இது இரட்டிப்புச் சிக்கல். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு, அதை ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு, மையேற்றிக் காகிதத்தில் அழுத்தியெடுக்க வேண்டும். போதாததற்குப் படம் இடவலமாகத் திரும்பிவிடும். ஒவ்வொரு படியிலும் முதல் பார்வையிலிருந்து ஓரடி தூரம்.

1867இல் கோனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தவர் அவர். 1891இல் வைத்தியர் கார்ல் கொல்விட்ஸை மணந்து, பெர்லினில் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த வட்டாரமொன்றில் குடியேறினார். கணவரிடம் மருந்துக்கு வந்த பெண்களே அவர் கண்ட மனிதர்கள். நெசவாளர் கிளர்ச்சி பற்றிய ஆறு படங்கள் 1898இல் காட்சிக்கு வந்தபோது தங்கப் பதக்கத்துக்குச் சிபாரிசு செய்யப்பட்டன. பேரரசர் மறுத்துவிட்டார். அந்த ஆறில் மூன்று கல்லச்சுகள். செப்புத் தகட்டில் நினைத்தது வராததால் கல்லுக்கு மாறியிருந்தார். கொழுப்புக் கட்டியால் தாளில் வரைந்து அதைக் கல்லுக்கு மாற்றி அச்சிடும் முறை பிற்காலத்தில் அவருக்கு மிகவும் உதவியது. கை எங்கே அழுந்தியது, எங்கே தளர்ந்தது என்பது அப்படியே அச்சிலும் வரும். 1924இல் அவர் வரைந்த புகழ்பெற்ற போர் எதிர்ப்புச் சுவரொட்டியில், கையை உயர்த்தி நிற்கும் இளைஞனைப் பாருங்கள். ஒரு மூச்சில் இழுத்த கோடு போலவே இருக்கிறது.

1903இல், இறந்த குழந்தையை அணைத்திருக்கும் தாயை வரைய அவருக்கு மாதிரி தேவைப்பட்டது. ஏழு வயது மகன் பேற்றரைக் கையில் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் அமர்ந்து வரைந்தார். பாரம் தாங்காமல் முனகியபோது, கவலைப்படாதே அம்மா, படம் அழகாக வரும் என்ற கருத்தில் பிள்ளை ஆறுதல் சொன்னதாக அவரே பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1914இல் போர் தொடங்கியபோது அதே பேற்றருக்குப் பதினெட்டு வயது. தொண்டராகப் படையில் சேரத் தந்தையின் சம்மதம் வேண்டும். தந்தை மறுத்தார். மகனுக்காகப் பேசிக் கணவரைச் சம்மதிக்க வைத்தவர் தாய்தான். ஒக்டோபர் 22ஆம் திகதி பெல்ஜியத்தில் பேற்றர் கொல்லப்பட்டான்.

இதற்குப் பிறகு அழகான ஒரு துயரப் படம் வரைய அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய சோகம் அவருக்குப் பொய்யாகத் தெரிந்திருக்க வேண்டும். லீப்னெக்ட் படத்தை முதலில் செப்புத் தகட்டில் செய்தார், ஒதுக்கினார். கல்லச்சில் செய்தார், அதையும் ஒதுக்கினார். 1920இல் ஒரு கண்காட்சியில் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைக் கண்டதும் வழி பிறந்தது.

இது விசித்திரமான முடிவு. மரத்தில் உளி மெதுவாகத்தான் போகும். கரிக்கோட்டின் விரைவை மரத்தில் பிரதி எடுக்கவே முடியாது. ஆனால் பிரதி எடுக்க முடியாததுதான் உதவியது. பிணவறைக் கோடுகளைக் கைவிட்டு, அவற்றைப் போட வைத்தது எது என்று மறுபடி தேட வேண்டியிருந்தது. கறுப்பு, வெள்ளை, உளி கிழித்த கீறல்கள் மட்டும். கீழே கிடையாக நீளும் உடல். அதன்மேல் குனிந்த தொழிலாளர் கூட்டம். முன்னால் குனிந்திருப்பவரின் பெரிய கை இறந்தவரின் நெஞ்சுத் துணியில் கிடக்கிறது. பின்னால் ஒரு தாய், பார்ப்பதற்காகக் குழந்தையைத் தூக்கிப் பிடிக்கிறாள். விவரங்கள் குறைந்தன; அந்தக் காலைப்பொழுது திரும்பி வந்தது.

போர் என்ற தலைப்பிலான ஏழு மரச்செதுக்குகளும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இப்படித்தான் பிறந்தன. அவற்றிலும் சிலவற்றை முன்னர் தகட்டிலும் கல்லிலும் முயன்று கைவிட்டிருந்தார். ஏழிலும் போர்க்களம் இல்லை, எதிரி இல்லை. தாய்மார், விதவைகள், ஒருவருக்குள் ஒருவர் புதைந்து மண்டியிட்ட பெற்றோர்.

பேற்றருக்கான நினைவுச்சிலை இன்னும் நீண்ட கதை. 1914 இறுதியிலேயே தொடங்கினார். இறந்த மகன் கிடக்க, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பெற்றோர் என்பது முதல் திட்டம். 1919இல் அதைக் கைவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்தபோது மகனின் உருவம் போய்விட்டது. தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்ட தாயும் தந்தையும் மட்டும். 1932இல்தான் அவை பெல்ஜியத்தின் போர்வீரர் மயானமொன்றில் நிறுவப்பட்டன. இப்போது அதே நாட்டின் விளாட்ஸ்லோ மயானத்தில் இருக்கின்றன. தாய் குனிந்திருக்கிறாள். தந்தை கைகளைக் கட்டித் தன்னைத் தானே இறுக்கிப் பிடித்திருக்கிறார். முன்னாலுள்ள கற்பலகையொன்றில் மற்றப் பிள்ளைகளின் பெயர்களோடு பேற்றரின் பெயரும் இருக்கிறது.

1919இல் பிரஷ்யக் கலைக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1933இல் நாஜிகள் அவரை வெளியேற வைத்தனர். 1942இல் பேற்றர் என்றே பெயரிடப்பட்டிருந்த பேரனும் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். அடுத்த ஆண்டு நவம்பரில் அரை நூற்றாண்டு வாழ்ந்த பெர்லின் வீடு குண்டுவீச்சில் எரிந்தது. பல வரைவுகளும் அச்சுகளும் அதோடு போயின. ட்ரெஸ்டனுக்கு அருகே மொறிட்ஸ்பேர்க்கில் 1945 ஏப்ரல் 22ஆம் திகதி இறந்தார். போர் முடிய இரு வாரங்களே இருந்தன.

இறுதிக் காலத்து அச்சுகளில் ஒன்று கல்லச்சு. ஒரு முதிய தாய் தன் மேலங்கிக்குள் மூன்று சிறுவர்களை அடக்கி வைத்திருக்கிறாள். பையன்கள் துருதுருவென்று வெளியே எட்டிப் பார்க்கிறார்கள். அவளுடைய கைகள் அவர்கள்மேல் கூரைபோலக் கிடக்கின்றன. மேலங்கி சில அகலமான கறுப்புத் தீற்றல்கள்தான், முடித்து மெருகேற்றப்படவில்லை.