கழட்டிப் பார்த்த மனுஷன்

சாயங்கால நேரத்துல மயிலாப்பூர் லஸ் சிக்னல்ல ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க. ஏதாவது ஒரு பழைய பிக்கப் லோடு வண்டி உங்க பக்கத்துல வந்து நிற்கும். நின்றதும் மொத்த பாடியும் உதறும். சைலன்சர்ல சீரான சத்தம் வராது, திக்கித் திக்கி வரும். டிரைவர் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கவே மாட்டார், எடுத்தா வண்டி ஆஃப் ஆயிடும். ஆட்டோ சைக்கிளை வரைஞ்சு முழு மார்க் வாங்கின நம்மகிட்ட அவர் திரும்பி, தம்பி இதுக்கு என்ன கோளாறுன்னு கேட்டா, நம்மில் எத்தனை பேர் வாய் திறப்போம்?

ஜி.டி.நாயுடு திறந்திருப்பார். இந்தியாவின் எடிசன் என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரே வரியில் படித்திருப்பீர்கள். எனக்கு அந்தப் பட்டம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவர் முதலில் ஒரு மெக்கானிக். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1893 மார்ச் 23 அன்று கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை, ஆரம்பப் பள்ளியோடு சரி. ஒருநாள் வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருத்தர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடும் இல்லாம குதிரையும் இல்லாம ஒரு வண்டி ஓடுது! அதை வாங்கியே தீரணும் என்று கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். வருஷக்கணக்கில் காசு சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார்.

வாங்கின வண்டியை அவர் ஓட்டிக் காட்டிக்கொண்டு திரியவில்லை. பிரித்துப் போட்டார். பிறகு மறுபடியும் சேர்த்தார். சொல்லித்தர ஆளில்லை. ஆனா ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஒரு நல்ல வாத்தியார். காற்று, பெட்ரோல், நெருப்புப் பொறி, கம்ப்ரஷன் என்ற நாலில் எது குறைந்தாலும் அது மறைக்காமல் காட்டிக் கொடுத்துவிடும், தப்பை மூடி மறைக்கப் பக்கத்தில் இன்னொரு சிலிண்டர் இல்லையே.

திருப்பூரில் பருத்தித் தொழில் செய்து சம்பாதித்ததை பம்பாய் பருத்தி வியாபாரத்தில் தோற்றார். திரும்பி வந்து 1920-ல் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அதுதான் பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. அறுபது கிலோமீட்டர் சொச்சம் ரோடு, நடுவில் வண்டி உதற ஆரம்பித்தால் ஸ்கேனர் கிடையாது, ஸ்பேர் கிடையாது. காதும் கையும்தான். அந்தக் காலத்து பெட்ரோல் எஞ்சினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழட்டிப் பார்ப்பார்கள். ஒரு வயரைக் கழட்டியதும் உதறல் அதிகமானால் அந்த சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். கழட்டியும் ஒரு மாற்றமும் இல்லையா? திருடன் அங்கேதான் இருக்கிறான்.

லஸ் சிக்னல் வண்டிக்கும் இதே யோசனைதான். பெட்ரோல் வண்டியாக இருந்து, ஐடிலில் மட்டும் உதறி, ரேஸ் பண்ணினால் சரியாகிவிட்டால், முதலில் வேக்கம் ஹோஸைப் பாருங்க. ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். ஹோஸ் விரிசல் வழியாக நுழையும் திருட்டுக் காற்று அதில் பெரிய பங்காகிவிடும், கலவை மெலிந்துவிடும். ரேஸ் பண்ணும்போது உள்ளே போகும் மொத்தக் காற்று கூடுவதால் அந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. எல்லா வேகத்திலும் உதறினால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் போங்க. டீசல் என்றால் ஃபில்டர் அடைப்பையும் லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்பதையும் பாருங்க. பழைய டீசலில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சோதிப்பார்கள். இப்போதைய காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், தோலைத் துளைத்துவிடும். சில சமயம் எஞ்சினில் ஒன்றுமே இருக்காது, மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கும். பாதி பேர் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

நாயுடு பஸ்ஸோடு நிற்கவில்லை. சின்ன மோட்டாரில் ஓடும் எலெக்ட்ரிக் ஷேவர், மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று போனது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான எலெக்ட்ரிக் மோட்டாரைக் கொண்டுவந்தார்.

நமக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் 1945-ல் நடந்தது. கோவையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் தொடங்க முக்கியக் காரணமாக இருந்தார் நாயுடு. அப்போதைய மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆரம்பப் பள்ளியோடு நின்றவரே அதன் பிரின்சிபால். படிப்பு நாலு வருஷம் என்றது அரசு. அது மாணவர்களின் நேரத்தை வீணாக்குகிறது, இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க இரண்டு வருஷம் போதும் என்பது இவர் கணக்கு. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் வாதாட மாட்டேன். கால்குலஸையும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸையும் இரண்டு வருஷத்தில் திணித்திருந்தால் நம்ம கதி என்ன ஆகியிருக்கும்! ஆனால் நாலாவது வருஷத்தில் உட்கார்ந்து, இதுவரை ஒரு கார்புரேட்டரைக்கூடக் கையால் கழட்டாத நான், அவர் போட்ட கணக்கை ஒரேயடியாகத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

1974 ஜனவரி 4-ல் இறந்தார். அந்தக் காலேஜ் இடம் மாறி, பெயர் மாறி, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகத் தடாகம் ரோட்டில் இருக்கிறது. பழைய இடத்தில் மிச்சமிருப்பது ஒரு பஸ் ஸ்டாப் பெயர். அவினாசி ரோட்டில் பஸ் போகும்போது கண்டக்டர் இன்னமும் ஹோப் காலேஜ், ஹோப் காலேஜ் என்று கூவுகிறார், நாலு பேர் இறங்குகிறார்கள்.